சரக்கு மட்டும்

நான் நூலகராக இருக்கும் வாசகசாலைக்கு ஒரு மாடி உண்டு. மாடியில் உள்ள மேஜை, நாற்காலி, அலமாரி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. ஏதாவது காணாமல் போனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் அந்த மாடியை நான் கண்ணால் பார்த்ததில்லை. சின்ன வயதில் வந்த போலியோ என் இடது காலை எடுத்துக்கொண்டது. காலில் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகோல். சமதரையில் நான் நடக்கிற வேகத்துக்கு நல்ல கால் உள்ளவர்களே என் கூட வர மூச்சு வாங்குவார்கள். படி என்றால் மட்டும் ஆகாது. எங்கள் வாசகசாலைப் படியோ, வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒல்லியான ஆளை மனதில் வைத்துக் கட்டியது. செங்குத்து, குறுகல், கைப்பிடி ஒரு பக்கம்தான். அதுவும் எனக்கு உதவாத பக்கம்.

ஊர் பெயர் வேண்டாம். வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரும் வெளியூர்க்காரர்கள் திடீரென்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்காருவார்களே, அங்கேதான். எங்களுக்கு அந்த வாசனை தெரியாது. தோல் வியாபாரத்தில் சம்பாதித்த பெரிய மனிதர்கள் அந்தக் காலத்தில் ஒன்றுகூடி, ஊரில் நாலு பேர் பேப்பர் படிக்கட்டும் என்று கட்டிய கட்டடம் இது. இன்றைக்கும் ஊர்க் கமிட்டிதான் நடத்துகிறது. எனக்குச் சம்பளம் கொடுப்பதும் அதுதான்.

மாடியை நான் காதால் அறிந்திருந்தேன். தளம் முழுக்கத் தேக்குப் பலகை. என் மேஜைக்கு நேர் மேலே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி மனப்பாடம் செய்வார்கள். யார் நடக்கிறார்கள், யார் நாற்காலியை இழுக்கிறார்கள், யார் படிக்காமல் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கீழே இருந்தே அதட்டுவேன். மேலே சத்தம் அடங்கும். மேடத்துக்கு மாடியில் கேமரா இருக்கிறது என்று ரொம்ப நாள் ஒரு வதந்தி உலவியது. நான் அதை மறுக்கவில்லை.

மேலே போய் வருகிறவர் எங்கள் உதவியாளர். நான் பாய் என்று கூப்பிடுவேன். என்னைவிட மூத்தவர், நல்ல மனுஷர். ஆனால் வர்ணனை என்பது அவர் ரத்தத்திலேயே இல்லை. மாடி எப்படி இருக்கும் என்று கேட்டால், “இன்னா கீது மேடம், ஜன்னலு, காத்து, அவ்ளோதான்” என்பார். எத்தனை ஜன்னல், எந்தப் பக்கம், வெளியே என்ன தெரிகிறது என்று துருவினால் தலையைச் சொறிவார். அடுத்த முறை பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில், வாசகசாலை வாசலில் வண்டியை நிறுத்தி, “வா, தூக்கிட்டுப் போய் காட்டிட்டு வர்றேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் என்ன சிமெண்ட் மூட்டையா, தோளில் போட்டு ஏற்றுவதற்கு என்று கேட்டேன். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. என் வேலை நடக்கிற இடத்துக்கு இன்னொருவர் தோளில் தொங்கிக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் முன் வராந்தாக் கூரையிலிருந்து ஒரு காரைக் கட்டி பெயர்ந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருடைய தேநீர் டம்ளரில் விழுந்தது. தலையில் விழுந்திருந்தால் கமிட்டி ஒரு இரங்கல் கூட்டத்தோடு முடித்திருக்கும். டம்ளரில் விழுந்ததால் அந்த மனிதர் உயிரோடு இருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேறு வழி இல்லாமல் கட்டடத்தைச் சரி செய்து புதுப்பிப்பது என்று முடிவானது. மேல்விஷாரத்தில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், எங்கள் ஊரில் தோல் தொழிற்சாலை வைத்திருந்தவர், பெரும்பங்கு செலவை ஏற்றுக்கொண்டார். அவரை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள்.

சென்னையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தார். சின்னப் பெண். வந்த முதல் நாள் சுவரில் காதை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். பாய் என்னிடம் வந்து, அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று ரகசியமாக விசாரித்தார். முன்பு யாரோ பூசிய சிமெண்ட் சுவரை மூச்சுவிடாமல் அடைத்துவிட்டது, முழுவதையும் உரிக்க வேண்டும் என்றார் அந்தப் பெண். உரித்தார்கள். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே ரோஸ் என்று ஒவ்வொரு கமிட்டித் தலைவர் காலத்துப் பெயிண்டும் வந்து, கடைசியில் பழைய சுண்ணாம்பு தெரிந்தது. பிறகு புதுச் சுண்ணாம்பை ஊறவைத்து, வெல்லமும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். வெல்லத்துக்கு எறும்பு வந்தது. எறும்பைப் பார்க்க ஊர் வந்தது. வாசகசாலையில் அவ்வளவு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பழசைக் காப்பாற்றுவது ஒரு பக்கம். புதுசாகவும் நிறைய வரப்போகிறது என்றார்கள். வாசலில் சாய்தளம், நல்ல கழிப்பறை, மாடியில் கம்ப்யூட்டர், வைஃபை. கமிட்டிக் கூட்டத்தில் இதையெல்லாம் வாசித்து முடித்ததும் நான் எழுந்து லிப்ட் வேண்டும் என்றேன். ஆர்க்கிடெக்ட் தயங்கினார். இவ்வளவு பழைய கட்டடத்தில் இரும்புக் கூண்டு வைத்தால் அழகு போய்விடும் என்றார்.

“கட்டடத்துக்கு வயசாச்சுன்னு இவ்ளோ மரியாதை பண்றீங்க. எனக்கும் வயசாகுதும்மா” என்றேன்.

கூட்டத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் மாடியைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மறுநாளே கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கம் இடித்துப்போட்ட பழைய தகரக் கழிப்பறை இருந்த இடத்தைக் காட்டினார். அங்கே வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் முகப்புக்குப் பாதகமில்லை, மேலே பின் வராந்தாவில் கதவு திறக்கும் என்றார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கேசரி கிளறினேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரர் கேட்டார். மாடிக்குப் போகப் போகிறேன் என்றேன்.

கமிட்டி தீர்மானம் போட்டது: ‘பின்புறம் ஒரு லிப்ட் அமைக்க வேண்டியது.’ அவ்வளவுதான் வாசகம். இதில் என்ன தப்பு வரப்போகிறது என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் லிப்ட் என்றால் தோல் ஏறுவது. தொழிற்சாலைகளில் கட்டுக்கட்டாகத் தோல் லிப்டில் போகும், ஆள் படியில் போவான். வேலையை எடுத்திருந்த திருப்பத்தூர் கான்ட்ராக்டர் தீர்மானத்தைப் படித்தார், சென்னையில் இருந்த ஆர்க்கிடெக்டைக் கேட்காமலே தொழிற்சாலைகளுக்கு லிப்ட் செய்து கொடுக்கும் பட்டறைக்குப் போன் போட்டார், அங்கேயும் வேறு கேள்வி கேட்காமல் வேலையை ஆரம்பித்தார்கள்.

வந்து இறங்கியதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். கம்பி வலைக் கூண்டு, மடக்குக் கதவு, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. “இது எங்க கம்பெனி லிப்ட்டாச்சே” என்றார். சுற்றி வந்து பார்த்துவிட்டு, பட்டன் எல்லாம் வெளியே இருக்கிறது என்று காட்டினார். உள்ளே ஒரு பட்டன் கூட இல்லை. சரக்கு எதற்குப் பட்டனை அழுத்தப் போகிறது?

பரிசோதிக்க வந்த அதிகாரியும் அதையேதான் சொன்னார். பிரேக் நன்றாக இருக்கிறது, எடை தாங்குகிறது, பழுதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஆள் தானாக நிறுத்த முடியாது, அதனால் ஆளுக்கு அனுமதி கிடையாது. சிவப்பு எழுத்தில் ஒரு தகடு அடித்துவிட்டுப் போனார். ‘சரக்கு மட்டும். ஆட்கள் ஏறக் கூடாது.’ மாற்றிக் கொடுங்கள் என்று கமிட்டிச் செயலாளரிடம் கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் முடியாது என்று சொல்லமாட்டார், அடுத்த வருஷம் என்பார். இதற்கும் அடுத்த வருஷம் என்றார்.

அன்று சாயங்காலம் நான் அழுதேன். யாருக்கும் தெரியாமல் அழுதேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பாய் பார்த்துவிட்டார். வீட்டுக்காரரோ என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். ஊரில் அவனவன் சரக்கு உள்ளே போனால்தான் மிதக்கிறான், நீ சரக்காகவே மாறினால்தான் மேலே போக முடியும் போல என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷர். சிரிப்பும் வந்தது, அவர் மேல் கோபமும் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய கொடுமை. மாடி வேலை முடிந்து, கீழே குவித்து வைத்திருந்த புத்தகங்களை மேலே ஏற்ற ஆரம்பித்தோம். பாய் படியேறி மேலே போய் நிற்பார். நான் கூண்டுக்குள் புத்தகக் கட்டுகளை அடுக்கி, கதவை இழுத்துச் சாத்தி, என் கையாலேயே பட்டனை அழுத்துவேன். அது முனகிக்கொண்டு ஏறிப் போகும். நான் கீழே நின்று அதன் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எருமை வளர்ப்பு பற்றிய ஒரு தடிப் புத்தகம், நான் வேலைக்கு வந்த நாளாக ஒருத்தர் கூடத் தொட்டதில்லை, அதுகூட எனக்கு முன்னால் மாடிக்குப் போய்விட்டது. அதன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு நாள் கட்டு அடுக்கி முடித்ததும் பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் அருகில் வந்தார். “ஏறி நில்லுங்க மேடம். யாரும் இல்ல. நான் அமுக்கறேன்.”

வேலை போய்விடும் என்று தகட்டைப் பார்த்தாலே நடுங்குகிற ஆள் அவர். அவராக வந்து கேட்கிறார். ஒரு நிமிஷம் ஊன்றுகோலை எடுத்து உள்ளே வைத்தும் விட்டேன். பிறகு வெளியே எடுத்துக்கொண்டேன். திருட்டுச் சரக்கு மாதிரி நான் மேலே போகமாட்டேன் பாய் என்றேன். அவர் படியேறிப் போனார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆசை இருக்கிறவளுக்கு இவ்வளவு ரோஷம் கூடாது.

திறப்பு விழா மாடியில் என்று முடிவானது. எங்கள் வாசகசாலையில் எந்த விழா நடந்தாலும் நன்றியுரை நூலகருடையது. நன்றியுரையை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். ‘இறுதியாக’ என்ற வார்த்தை வந்ததுமே ஜனம் பிரியாணிப் பக்கம் நகர்ந்துவிடும். ஆனாலும் அது என் இடம். சுவரைப் பூசியவர்கள், எறும்பை விரட்டியவர்கள், டம்ளரில் கட்டி விழுந்த மனிதர் வரை ஒருவரையும் விடாமல் எழுதி வைத்திருந்தேன்.

விழாவுக்கு முன் செயலாளர் வந்து, இந்த முறை நன்றியுரையை அவரே சொல்லிவிடுவதாகச் சொன்னார். எனக்கு எதற்குச் சிரமம் என்றார். நான் கீழே வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றால் போதுமாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. இத்தனை வருஷம் மாடி பழசாக இருந்ததால் நான் ஏறவில்லை. இப்போது எல்லாம் புதுசான பிறகும், என் வாசகசாலை திறக்கிற நாளில் நான் கீழே நின்று செருப்புகளுக்குக் காவலா?

விழா அன்று நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். நன்றியுரை கைப்பையில் இருந்தது. எல்லோரும் சந்தனம் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, படியேறிப் போனார்கள். கடைசியில் ஹாஜியார் கார் வந்தது. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர், ஒரு பக்கம் பேரன், ஒரு பக்கம் தடி. படியை அண்ணாந்து பார்த்தார். இதில் என்னால் ஏற முடியாது என்று நின்றுவிட்டார்.

அப்போது செயலாளரின் சுறுசுறுப்பைப் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் அழைத்துப் போனார். கண்மூடித் திறப்பதற்குள் கூண்டுக்குள் ஒரு வெல்வெட் துணி விரிந்தது, நாற்காலி வந்தது, வரவேற்புக்கு வைத்திருந்த பூமாலை ஒன்று சிவப்புத் தகட்டின் மேல் தொங்கியது. நானும் பின்னாலேயே போயிருந்தேன். ஹாஜியார் கூண்டைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். சின்ன வயதில் தோல் கட்டுக்கு நடுவில் இதே மாதிரி லிப்டில் ஏறி இறங்கியவன்தான் நான் என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தார், பேரனும் கூட ஏறினான். செயலாளர் பட்டனுக்குக் கை நீட்டினார்.

நான் ஊன்றுகோலைக் கதவின் குறுக்கே வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாலையை நகர்த்தினேன். தகடு தெரிந்தது.

“ஹாஜியார் சரக்குன்னா, நானும் சரக்குதான் சார்” என்றேன்.

செயலாளரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஹாஜியார் குனிந்து தகட்டைப் படித்தார், என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். இவங்க யாரு என்று கேட்டார். இங்கே நூலகர் என்று பாய் பின்னாலிருந்து சொன்னார். இது வரைக்கும் மேலே போனதே இல்லை என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். ஹாஜியார் எழுந்து, பேரனை வெளியே போகச் சொல்லி, நாற்காலியை ஓரமாகத் தள்ளினார்.

“வாம்மா. தோலு போற எடம். ரெண்டு பேர் போறதுக்கு இன்னா?”

ஏறினேன். பாய்தான் பட்டனை அழுத்தினார். அது எப்போதும் போல் முனகியது. கம்பி வலைக்கு வெளியே புதுச் சுவர் மெதுவாகக் கீழே இறங்கியது. ஹாஜியார் பயமா என்று கேட்டார். இல்லை என்றேன், பயமாகத்தான் இருந்தது. மேலே ஆர்க்கிடெக்ட் பெண் கதவைத் திறந்துகொண்டு நின்றார். “பாத்து மேடம், கொஞ்சம் கேப் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

ஜன்னல், காத்து, அவ்வளவுதான் என்று பாய் சொன்னது உண்மைதான். ஆனால் அத்தனை ஜன்னல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள், எல்லாம் திறந்திருந்தன. பாலாற்று மணல் தெரிந்தது, அதற்கப்பால் மலை, இந்தப் பக்கம் தொழிற்சாலைக் கூரைகள், ஹைவேயில் லாரி. இந்த ஊரிலேயே பிறந்தவள் நான். இந்த ஊரை உயரத்திலிருந்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நன்றியுரைக்கு என் பெயரையே அழைத்தார்கள். செயலாளர்தான் அழைத்தார், அவரையும் குறை சொல்லக்கூடாது. நான் மைக்கைப் பிடித்து அனைவருக்கும் வணக்கம் என்றதும் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது, மைக் செத்தது, கீழே பிரியாணி அண்டாவைத் திறந்த மணம் படி வழியாக மேலே வந்தது. கூட்டம் நெளிந்தது, பிறகு எழுந்தது, பிறகு மரியாதையாகக் கும்பிட்டுக்கொண்டே படியில் இறங்கியது. ஹாஜியார் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சொல்லும்மா, நான் எங்கே போகப் போறேன் என்றார். அவர் ஒருவருக்காக முழு நன்றியுரையும் வாசித்தேன். டம்ளர் மனிதர் வந்த இடத்தில் கை தட்டினார்.

விசாரித்ததில் டிரான்ஸ்பார்மரில் கோளாறு என்றார்கள். பேரனும் கூட வந்தவர்களும் ஹாஜியாரை நாற்காலியோடு தூக்கிப் படியில் இறக்கினார்கள். அவர் மாப்பிள்ளை ஊர்வலம் போவதைப் போலச் சிரித்துக்கொண்டே போனார். அதே நாற்காலியை எனக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டு செயலாளரும் என் வீட்டுக்காரரும் வந்தார்கள். வேண்டாம் என்றேன். வீட்டுக்காரருக்கு என்னைத் தெரியும், நாற்காலியைப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். செயலாளர்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“கரண்ட் வர சாயங்காலம் ஆகுமாம்மா. எப்படி எறங்குவீங்க?”

நான் அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் பயந்துபோய் பாயைக் கூப்பிட்டார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எப்படி ஏறுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி இறங்குவீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கவலை வருவதற்கு இடமே இருந்ததில்லை. இப்போது எல்லோரையும் போல எனக்கும் அது வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாய் பிரியாணித் தட்டோடு வந்து நின்றார். அவரையும் உட்காரச் சொன்னேன், இருவரும் ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தோம்.